அலியா, உசிக்கா? ஹெவிவெயிட் குத்துச்சண்டை: அன்றும் இன்றும்



நம் விடுதியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நடக்கும் பட்டிமன்றங்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. அப்படி ஒரு நாள், ஒலெக்சாண்டர் உசிக் டைசன் ஃபியூரியை ஜெயித்த சண்டையை ஆறு பேர் ஒரே மொபைலில் பார்த்து முடித்தோம். உடனே ஒருத்தன் கேட்டான்: "ஏன்டா, முகமது அலி இப்ப இருந்திருந்தா இவனுங்களை ஜெயிப்பாரா?" அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

"ஃபியூரி 127 கிலோடா! சும்மா மேல சாஞ்சாலே உங்க அலி உட்கார்ந்துடுவாரு" என்றது ஒரு கட்சி. "போடா, அவங்க 15 ரவுண்டு நின்னவங்க. இவனுங்க 12 ரவுண்டுக்கே வாயைப் பொளக்குறானுங்க" என்றது மறு கட்சி. வார்டன் வந்து கதவைத் தட்டும் வரை தீர்ப்பு வரவில்லை.

நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பதில் தெரியாததுதான் காரணம். அதற்குப் பிறகு கிடைத்த நேரத்தில் எல்லாம் பழைய சண்டைப் படங்களைத் தேடிப் பார்த்தேன், படித்தேன். அதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இரண்டு கட்சியுமே ஆளை மட்டும் அளந்தது. அந்த ஆள் எந்த விதியின் கீழ் சண்டை போட்டார் என்பதை யாரும் அளக்கவில்லை. ஃபிட்டிங் ஷாப்பில் எந்த டிராயிங்குக்குச் செய்தது என்று பார்க்காமல் ஒரு வேலையை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியுமா? குத்துச்சண்டையும் அப்படித்தான். ஒவ்வொரு காலத்துப் பாணியும் அந்தக் காலத்து விதிக்குக் கிடைத்த பதில். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெறுங்கைக் காலம்

கிளவுஸ் இல்லாமல் வெறுங்கையால் நடந்த கடைசி ஹெவிவெயிட் சாம்பியன் சண்டை 1889 ஜூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் நடந்தது. ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் மோதினார்கள். எத்தனை ரவுண்டு தெரியுமா? 75! கொளுத்தும் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. ஜெயித்தவர் சல்லிவன்.

75 என்றதும் மலைத்துவிட வேண்டாம். அந்த விதியில் ரவுண்டுக்கு நேரக் கணக்கே கிடையாது. ஒருவர் கீழே விழுந்தால் ரவுண்டு முடிந்தது. அரை நிமிஷம் ஓய்வு, மறுபடி சண்டை. எதிரியைக் கட்டிப் பிடித்துத் தூக்கிப் போடலாம், அதுவும் விதிக்கு உட்பட்டதே. எனவே அவர்கள் நிமிர்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கைகளை முன்னே நீட்டிக்கொண்டு நின்றார்கள். இப்போது பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் கட்டிப் பிடிக்க வருகிறவனைத் தள்ளி நிறுத்த அந்த நிலைதான் சரி.

இன்னொரு விஷயம். பழைய மௌனப் படங்களில் ஆட்கள் வெடுக் வெடுக்கென்று ஆடுவார்கள். அது அவர்கள் குறை அல்ல. கையால் சுற்றிய கேமராவில் எடுத்த படத்தை வேறு வேகத்தில் ஓட்டுவதால் வருவது. அதைப் பார்த்துவிட்டு, "இவனுக்குச் சண்டையே தெரியல" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.

கிளவுஸ் என்ன செய்தது?

1867-ல் குவீன்ஸ்பெர்ரி விதிகள் வந்தன. கிளவுஸ், மூன்று நிமிஷ ரவுண்டு, ஒரு நிமிஷ ஓய்வு, கீழே விழுந்தால் 10 விநாடி. இன்றைய குத்துச்சண்டையின் அஸ்திவாரம் இதுதான். 1892-ல் நியூ ஆர்லியன்ஸில் இந்த விதியில், முன்பு பாங்க் கிளார்க்காக இருந்த ஜேம்ஸ் கார்பெட், தன்னைவிட எடை கூடிய சல்லிவனை 21-ஆவது ரவுண்டில் சாய்த்தார். எப்படி? கால் வேலையால்! சல்லிவன் குத்திய இடத்தில் கார்பெட் இல்லை.

கிளவுஸ் என்றால் அடி வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிதான் உண்மை. முதலாமாண்டு ஃபிசிக்ஸை நினைத்துப் பாருங்கள். மோதும் நேரம் கூடினால் விசை குறையும். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். அதனால் தோல் கிழிவது குறைகிறது. ஆனால் அதே கணக்கு குத்துகிறவன் கைக்கும் பொருந்துமே! வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் உடைவது விரல் எலும்புதான். கிளவுஸ் வந்த பிறகு கைக்குப் பயமில்லை. தலையைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பக் குத்தலாம். பாணி மாறியது. ஆபத்தும் இடம் மாறியது. இதைப் பிறகு பார்ப்போம்.

பலம் எங்கிருந்து வருகிறது?

1919 ஜூலை 4, டொலீடோ நகரம். சாம்பியன் ஜெஸ் வில்லார்ட் ஆறரை அடி உயரம், 111 கிலோ. எதிரே ஜாக் டெம்ப்ஸி 85 கிலோ. முதல் ரவுண்டிலேயே வில்லார்ட் ஏழு தடவை விழுந்தார். மூன்று ரவுண்டுக்கு மேல் அவரால் வர முடியவில்லை.

26 கிலோ குறைந்த ஆள் எப்படிச் சாய்த்தார்? டெம்ப்ஸி 1950-ல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார். முன்காலை எடுத்து வைக்கும்போது மொத்த உடம்பும் முன்னே விழ வேண்டும், அந்த விழுகிற எடை முஷ்டியில் போய்ச் சேர வேண்டும் என்கிறார். எங்கப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். "மூட்டையைத் தூக்குறது முதுகு இல்லடா, காலு" என்பார். டெம்ப்ஸி சொன்னதும் அதேதான். குத்து தரையில் பிறந்து, இடுப்பில் திரும்பி, தோள் வழியாகக் கைக்கு வருகிறது. உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம். ஆளின் எடை எவ்வளவு என்பதைவிட, அதில் எவ்வளவு குத்துக்குள் போகிறது என்பதே கேள்வி.

ஆனால் இதிலும் விதியை மறக்கக் கூடாது. அன்று கீழே விழுந்தவன் எழுந்திருக்கும்போதே பக்கத்தில் நின்று குத்தலாம். டெம்ப்ஸி அப்படித்தான் குத்தினார். பின்னால், விழ வைத்தவர் தூரத்து மூலைக்குப் போனால்தான் எண்ண ஆரம்பிக்க வேண்டும் என்று விதி வந்தது. 1927-ல் சிகாகோவில் ஏழாவது ரவுண்டில் ஜீன் டன்னியைக் கீழே தள்ளிவிட்டு டெம்ப்ஸி பழைய பழக்கத்தில் அங்கேயே நின்றார். நடுவர் எண்ணத் தொடங்கத் தாமதமாயிற்று. டன்னிக்குச் சுமார் 14 விநாடி கிடைத்தது. எழுந்தார், கடைசியில் புள்ளியில் ஜெயித்தார். அதே டெம்ப்ஸிதான், விதிதான் வேறு!

13-ஆவது ரவுண்டு

இனி நான் சொல்லப் போவதைக் கேட்டால் இரண்டு கட்சியும் யோசிக்கும்.

ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை சாம்பியன். 25 முறை பட்டத்தைக் காத்தவர். ஹெவிவெயிட்டில் இன்றும் அதுதான் சாதனை. வீண் அசைவே இல்லாத பாணி. சின்னச் சின்ன அடி எடுத்து நெருங்கி, குட்டைக் குத்துகளை வரிசையாக இறக்குவார். 1936-ல் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றதற்குக் காரணம், இடது கையால் ஜாப் குத்திய பிறகு அந்தக் கையைத் தாழ்த்தும் பழக்கம். (ஒர்க்ஷாப் ஜாப் இல்லை நண்பர்களே, இது நேராக நீட்டிக் குத்தும் குத்து!) 1938 மறுசண்டையில் முதல் ரவுண்டிலேயே, 124 விநாடியில் முடித்துவிட்டார்.

அப்படிப்பட்ட லூயிஸை 1941 ஜூனில் நியூயார்க்கில் பில்லி கான் என்ற எடை குறைந்த வீரர் ஓட ஓட விரட்டினார். 12 ரவுண்டு முடிந்தபோது மதிப்பெண் போட்ட மூவரில் இருவர் கணக்கில் கான் முன்னிலை, ஒருவர் கணக்கில் சமம். 13-ஆவது ரவுண்டில் கான் நின்று மோதிப் பார்க்க ஆசைப்பட்டார். லூயிஸ் நாக் அவுட் செய்துவிட்டார்.

இன்னொன்று. 49 சண்டை, 49 வெற்றி என்று ஒரு தோல்வியும் இல்லாமல் ஓய்வு பெற்றவர் ராக்கி மார்சியானோ. அவர் பட்டம் வென்றது 1952 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில், ஜெர்சி ஜோ வால்காட்டிடம். 12 ரவுண்டு முடிவில் மூன்று பேர் கணக்கிலும் மார்சியானோ பின்தங்கியிருந்தார். 13-ஆவது ரவுண்டில் ஒரே ஒரு வலது கைக் குத்து. வால்காட் கயிற்றோடு சரிந்தார்.

இப்போது சாம்பியன் சண்டை 12 ரவுண்டுதான். சற்றே சிந்தித்துப் பாருங்கள். அன்றும் 12 என்று இருந்து அதே மாதிரி நடந்திருந்தால், லூயிஸ் பட்டத்தை இழந்திருப்பார். மார்சியானோவுக்கு அன்று பட்டமே கிடைத்திருக்காது. நாம் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்கள் என்று கொண்டாடும் இருவரும் அந்த இரவில் தோற்றவர்கள் ஆகியிருப்பார்கள். அவர்கள் பலமா, விதியா? இரண்டும்தான். கடைசி மூன்று ரவுண்டை நம்பித்தான் அவர்கள் முதல் 12-ஐ ஆடினார்கள்.

அலியின் காலம்

1980-ல் நம் சென்னைக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிய முகமது அலியைப் பற்றி அதிகம் அறிமுகம் தேவையில்லை. ஆறடி மூன்று அங்குலம். ஹெவிவெயிட் உடம்பில் சின்ன எடைக்காரர்களின் கால் வேகம். பயிற்சியாளர்கள் செய்யாதே என்று சொல்வதை எல்லாம் அவர் செய்தார். கைகளைத் தாழ்த்தி வைத்தார், குத்து வந்தால் நேராகப் பின்னால் சாய்ந்தார். வேகம் இருந்தவரை அது செல்லுபடியானது. 1971-ல் ஜோ ஃபிரேசியர் 15-ஆவது ரவுண்டில் இடது கை ஹூக்கால் அவரைக் கீழே சாய்த்து, புள்ளியிலும் ஜெயித்தார்.

1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலிக்கு 32 வயது. எதிரே 25 வயது ஜார்ஜ் ஃபோர்மேன். ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் முடித்தவர். அலி என்ன செய்தார்? கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மேனைக் குத்த விட்டார். ஏழு ரவுண்டு குத்திக் குத்தி ஃபோர்மேன் களைத்தார். எட்டாவதில் அலி முடித்தார். 15 ரவுண்டு இருக்கிறது என்ற தைரியத்தில் செய்த கணக்கு அது. அதற்கு அலி கொடுத்த விலை, அந்த ஏழு ரவுண்டு அடி.

15 ஏன் 12 ஆனது?

"அவங்க 15 ரவுண்டு நின்னவங்க" என்று பெருமையாகச் சொல்கிறோம். ஏன் குறைத்தார்கள்? 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் தென் கொரியாவின் கிம் டுக் கூ என்ற லைட்வெயிட் வீரர், ரே மான்சினியுடன் மோதி 14-ஆவது ரவுண்டில் விழுந்தார். சில நாட்களில் இறந்தார். அதன் பிறகு ஒரு அமைப்பு 12 ஆக்கியது, மற்றவையும் 1980-களுக்குள் பின்பற்றின. அதாவது அந்த மூன்று ரவுண்டைக் குறைத்தது சோம்பேறித்தனம் அல்ல. ஒரு உயிர்.

அலி, ஃபிரேசியர் இருவருடனும் மோதிய ஜெர்ரி குவாரி, மூளை பாதிப்போடு வாழ்ந்து 1999-ல் 53 வயதில் இறந்தார். அலிக்கு 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது, 2016-ல் மறைந்தார். கிளவுஸ் ஆபத்தைத் தலைக்கு மாற்றியது என்று முன்பு சொன்னேனே, அதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தைப் பார்த்துக் கைதட்டும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மலை போன்ற மனிதர்கள்

12 ரவுண்டு என்றானதும் அதிக எடையைச் சுமக்கும் ஆளுக்கும் மூச்சுக் கணக்குக் கைக்கு அடங்கியது. 1986-ல் 20 வயதில் சாம்பியனான மைக் டைசன் குள்ளமானவர்தான். இரண்டு கிளவுஸையும் கன்னத்தோடு வைத்து, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே உள்ளே புகும் பாணி. ஆனால் 1990-ல் டோக்கியோவில் உயரமான பஸ்டர் டக்ளஸ் ஜாபாலேயே அவரைத் தள்ளி நிறுத்தி, பத்தாவது ரவுண்டில் சாய்த்தார். 2002-ல் ஆறடி ஐந்து அங்குல லென்னாக்ஸ் லூயிஸ் எட்டாவதில் முடித்தார்.

பிறகு உக்ரைனின் விளாடிமிர் கிளிட்ச்கோ. ஆறடி ஆறு அங்குலம். 2003-லும் 2004-லும் நாக் அவுட்டாகித் தோற்ற அவர், பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்டிடம் தன் பாணியை மாற்றிக்கொண்டார். நீளமான இடது கையால் தூரத்தைக் காப்பது, எதிரி உள்ளே வந்தால் கட்டிப் பிடித்து மேலே சாய்வது. பார்க்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் 2006 முதல் 2015 வரை பட்டத்தை யாராலும் பிடுங்க முடியவில்லை. அவரை வென்றவர் ஆறடி ஒன்பது அங்குல டைசன் ஃபியூரி. 2020-ல் டியோன்டே வைல்டருடன் மோதியபோது ஃபியூரி செய்ததும் அந்த வேலைதான். தன் எடையை அவர் மேல் சுமத்திச் சுமத்திக் காலை ஓயவைத்து ஏழாவதில் முடித்தார்.

எனவே "சாஞ்சாலே போதும்" என்ற கட்சி சொன்னதில் உண்மை உண்டு. பழைய காலத்திலும் பெரிய உருவங்கள் இருந்தன. ஆனால் வில்லார்டிடம் அளவு இருந்த அளவுக்கு வேலை இல்லை. லூயிஸ், கிளிட்ச்கோ, ஃபியூரியிடம் அளவும் உண்டு, வேலையும் உண்டு. இதுதான் புதுசு.

ஆனால் சின்ன ஆளின் வழி அடைபட்டுவிட்டதா? 2009-ல் ஏழடி உயர நிக்கோலாய் வாலுவேவை 98 கிலோ டேவிட் ஹே புள்ளியில் வென்றார். 2024 டிசம்பரில் ரியாத்தில் ஃபியூரி 127 கிலோ, உசிக் 102 கிலோ. மூன்று நடுவர்களும் உசிக்குக்கே கொடுத்தார்கள். அதே ஆண்டு மே மாதமும் அவரே ஜெயித்திருந்தார். இடக்கைக்காரரான உசிக் ஓயாமல் கால் மாற்றி மாற்றி, ஃபியூரிக்குச் சாய ஆளே கிடைக்காமல் செய்தார். 1892-ல் கார்பெட் செய்த வேலைதான் அது.

யாருக்குக் கதவு திறந்திருந்தது?

ஒப்பிடும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஜாக் ஜான்சன் 1908-ல் சிட்னி வரை துரத்திப் போய்ச் சண்டை வாங்கித்தான் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1915-ல் அவர் தோற்ற பிறகு 1937 வரை, 22 ஆண்டுகள், ஒரு கறுப்பின வீரருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத வாய்ப்பே தரவில்லை. ஹாரி வில்ஸ் வருஷக்கணக்கில் காத்திருந்தும் டெம்ப்ஸியுடன் மோத முடியவில்லை. கியூபாவின் டியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றும் தொழில்முறைக்கு வரவில்லை. சோவியத் நாட்டவருக்கும் அந்த வழி 1980-களின் கடைசி வரை இல்லை. அது திறந்த பிறகு வந்தவர்கள்தான் கிளிட்ச்கோவும் உசிக்கும்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேனா? அதே மாதிரிதான் இதுவும். ஒரு காலத்துப் பட்டியலில் பேர் இல்லாதவன் எல்லாம் திறமை இல்லாதவன் அல்ல.

பட்டிமன்றத்துக்கு என் தீர்ப்பு

டெம்ப்ஸியும் மார்சியானோவும் 85 கிலோக்காரர்கள். இன்று 90 கிலோ வரை க்ரூஸர்வெயிட் என்று தனிப் பிரிவே இருக்கிறது. அவர்கள் அங்கேதான் ஆடுவார்கள். அது அவமானம் அல்ல. உசிக்கே அந்தப் பிரிவை வென்றுவிட்டு வந்தவர்தான்.

ஜோ லூயிஸ் எல்லைக்கோட்டில் நிற்பவர். ஆனால் 1941-ல் ஜனவரி முதல் ஜூன் வரை மாதம் ஒரு சண்டை வீதம் பட்டத்தைக் காத்தார். இன்றைய சாம்பியன் வருஷத்துக்கு ஒன்று, இரண்டுதான். இன்றைக்கு உடம்பு வளர்க்கும் முறை, சாப்பாடு, எதிரியின் வீடியோ எல்லாம் உண்டு. லூயிஸுக்கு ரிங்கே பள்ளிக்கூடம்.

கின்ஷாசாவில் அலி 98 கிலோ, ஃபோர்மேன் 100 கிலோ. கிட்டத்தட்ட உசிக்கின் அளவு. ஆகவே "அளவால் அலி முடியாது" என்ற வாதம் செல்லாது. அதற்காக அலி ஃபியூரியை ஜெயித்திருப்பார் என்றும் அது நிரூபணம் ஆகாது. கைகளைத் தாழ்த்திப் பின்னால் சாய்கிறவருக்கு ஃபியூரியின் நீளக் கை பெரிய தொல்லை. 12 ரவுண்டு என்றால் ஃபியூரிக்குச் சாதகம். 15 என்றால் கடைசி மூன்றில் 127 கிலோவைச் சுமக்கும் கால் பதில் சொல்ல வேண்டும். அங்கே நான் அலி பக்கம்.

இனி விடுதியில் யாராவது "அலியா, உசிக்கா?" என்று ஆரம்பித்தால், "எத்தனை ரவுண்டு?" என்று முதலில் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும். மீதிச் சண்டைக்கு என்னையும் கூப்பிடுங்கள். இந்தத் தடவை வாய் திறப்பேன்.



– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை